வல்லுநர் குழு மதிப்பீட்டில் எண் இடறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வினாநிரல் போன்ற ஆய்வுக்கருவியை, அதன் வினாக்கள் பொருந்துகின்றனவா என்று மதிப்பிட வல்லுநர்களுக்கு அனுப்பி, திரும்பி வந்த தாள்களைக் கணக்கிடும்போதுதான் சிக்கல் கண்ணில் படும். எண் குறைந்தால் எண்ணோடு மல்லுக்கு நிற்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. எல்லை மதிப்பைத் தாழ்த்துகிறார்கள், மறுத்த வல்லுநரை நீக்குகிறார்கள், வேறு குணகத்துக்குத் தாவுகிறார்கள். பிழை அநேகமாக அங்கே இருக்காது. யாரிடம் கேட்டோம், எந்த மொழியில் கேட்டோம், என்ன கேட்டோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, கணக்குக்குப் பிறகு வருகிறோம்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே வகை ஆய்வை மனத்தில் வைத்து எழுதியவை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வாசிப்பை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று நேர்காணல் வழி ஆராயும் பண்புசார் ஆய்வு அது. கையில் 24 வினாக்கள் கொண்ட நேர்காணல் வினாநிரல் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு குழு இருக்கிறது. எண்கள் விளக்கத்துக்காகப் போட்ட கணக்குகள். நீங்களே தாளில் போட்டுச் சரிபார்க்கலாம்.

அறிகுறி: எல்லாரும் எல்லாவற்றுக்கும் 4 போட்டிருக்கிறார்கள்

1 முதல் 4 வரையிலான அளவுகோலில் எல்லாமே உச்சப் புள்ளி. 24 வினாவுக்கும் ஏற்புடைமைக் குறியீடு, அதாவது ‘பொருந்தும்’ என்ற வல்லுநர்களின் விகிதம், 1.00. கருத்து எழுதும் கட்டங்கள் வெறுமை. இதைக் கண்டு மகிழ வேண்டாம். பெரும்பாலும் இது முகதாட்சணியத்தின் அளவு, ஏற்புடைமையின் அளவு அல்ல. இங்கே தமிழ்க் கல்வி வட்டம் சிறியது. மதிப்பிடுபவர் உங்கள் முன்னாள் விரிவுரையாளராக இருப்பார், அல்லது அடுத்த பட்டறையில் உங்களோடு மேடையில் அமரப்போகிறவராக இருப்பார். தாளில் அவர் பெயரும் இருக்கும். யார்தான் 1 போடுவார்?

முதலில் அளவுகோலின் சொற்களைப் பாருங்கள். “ஒப்புக்கொள்கிறேன் / ஒப்புக்கொள்ளவில்லை” என்று கேட்டிருந்தால் வல்லுநர் உங்களோடு ஒப்புக்கொள்கிறாரா என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது பொருத்தம். 1 பொருத்தமில்லை, 2 பெரிதும் திருத்தினால் பொருந்தும், 3 சிறு திருத்தம் போதும், 4 அப்படியே பொருந்தும். 3, 4 இரண்டும் ‘பொருந்தும்’ என்று கணக்கில் சேரும். ஒவ்வொரு வினாவுக்கும் மேலே அது அளக்க வேண்டிய கூறின் வரையறை இரண்டு வரியில் இருக்க வேண்டும். வரையறை இல்லாமல் ‘எதற்குப் பொருத்தம்?’ என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ளதை வைத்துப் பதில் சொல்வார்கள்.

அடுத்து, வினாக்களைக் குலுக்கி, கூறின் பெயரை மறைத்து, எந்த வினா எந்தக் கூறுக்கு உரியது என்று வல்லுநரையே பொருத்தச் சொல்லுங்கள். 8 பேரில் 3 பேர் ஒரு வினாவை வேறு கூறில் வைத்தால், அவர்களே அதற்கு 4 போட்டிருந்தாலும் வினாவில் கோளாறு இருக்கிறது. கூடவே, கூறுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு வினாக்களைச் சேர்த்து வையுங்கள். வாசிப்பு பற்றிய நிரலில் கணிதப் பயிற்சி பற்றிய வினாவைப் போல. ‘சில வினாக்கள் பொருந்தாமல் இருக்கலாம்’ என்று முன்னுரைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் யாரையும் ஏமாற்றியதாகாது. அந்த இரண்டுக்கும் 4 போட்டவரின் தாள் கவனமாகப் படிக்கப்படவில்லை. அதை நீக்குவதற்கு முன் அவரிடம் பேசுங்கள், பேசியதைக் குறித்து வையுங்கள்.

உங்கள் நெறியாளரைக் குழுவில் சேர்க்காதீர்கள். ஒரே துறையிலிருந்து பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். ஆய்வு கோலாலம்பூரில் நடந்தால் பினாங்கிலிருந்தும், பினாங்கில் நடந்தால் கோலாலம்பூரிலிருந்தும் இருவரையாவது சேர்ப்பது நல்லது. தொலைவு கொஞ்சம் தாட்சணியத்தைக் குறைக்கும்.

அறிகுறி: ஒருவர்தான் மறுத்தார், வினா விழுந்துவிட்டது

5 பேர் கொண்ட குழுவில் ஒருவர் 2 போட்டார். வினாவின் குறியீடு 0.80. எல்லை 0.78 என்று எங்கோ படித்திருப்பீர்கள், அப்படியானால் தேறியதுதானே என்று தோன்றும். தேறவில்லை. செவிலியியல் ஆய்வாளர் மேரி லின் 1986இல் சொன்ன விதி இரண்டு பகுதி கொண்டது. 5 பேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் அனைவரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதாவது 1.00. 6 பேர் அல்லது மேல் என்றால்தான் 0.78. காரணம் எளிது: ஆள் குறையக் குறைய, தற்செயலாகவே எல்லாரும் ஒரே பக்கம் விழும் வாய்ப்பு கூடும்.

அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கத் திருத்திய காப்பா என்ற குணகம் உண்டு. N பேரில் A பேர் ‘பொருந்தும்’ என்றால், நாணயம் சுண்டியதுபோல அந்த விடை வரும் வாய்ப்பைக் கண்டு, குறியீட்டிலிருந்து கழித்து, 1இலிருந்து அதே வாய்ப்பைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். 6 பேரில் 5 பேர் என்றால் வாய்ப்பு 6/64, அதாவது 0.094, குறியீடு 0.83, காப்பா ஏறத்தாழ 0.82. 8 பேரில் 6 பேர் என்றால் வாய்ப்பு 28/256, அதாவது 0.109; குறியீடு 0.75, காப்பா 0.72. போலிட், பெக், ஓவன் மூவரும் 2007இல் தந்த பகுப்பில் 0.74க்கு மேல் மிகச் சிறப்பு, 0.60 முதல் 0.74 வரை நன்று.

லாஷே 1975இல் தந்த உள்ளடக்க ஏற்புடைமை விகிதத்தை (ஆம் என்றவர் தொகையிலிருந்து குழுவின் பாதியைக் கழித்து, அந்தப் பாதியால் வகுப்பது) பயன்படுத்துகிறவர்கள் இன்னொரு பிழை செய்கிறார்கள். அவர் கேட்டது ‘பொருத்தமா?’ என்றல்ல, ‘இன்றியமையாததா?’ என்று. பொருத்தமானவை பல இருக்கலாம், இன்றியமையாதவை சில. பொருத்த அளவுகோலில் வந்த 3, 4ஐ எடுத்து அவர் சூத்திரத்தில் போட்டால் எண் வரும், பொருள் வராது. அவர் அட்டவணைப்படி 10 பேருக்கு எல்லை 0.62. 8 பேர் ஆம் என்றால் விகிதம் 0.60, தேறாது, 9 பேர் வேண்டும்.

எந்தக் குறியீடு, எந்த எல்லை, எத்தனை பேர் என்பதைத் தாள் அனுப்புவதற்கு முன்பே எழுதித் தேதியிடுங்கள். விழுந்த வினாவை உடனே வெட்டவும் வேண்டாம். மறுத்தவர் எழுதிய காரணத்தைப் படியுங்கள். மற்ற நால்வரும் காணாத ஒன்றை அவர் கண்டிருக்கக்கூடும், குறிப்பாகக் குழுவில் வகுப்பறையில் நிற்பவர் அவர் ஒருவர்தான் என்றால். புதிதாகக் குழு அமைப்பவருக்கு எங்கள் பரிந்துரை 8 பேர்: ஒருவர் தாள் அனுப்பாமல் போனாலும் கணக்கு நிற்கும்.

அறிகுறி: மொத்தக் குறியீடு நன்றாக இருக்கிறது, ஆனால் களத்தில் சில வினா வேலை செய்யவில்லை

சராசரி மறைத்திருக்கும். 24 வினாவில் 20க்கு 1.00, மீதி 4க்கு 0.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 22/24, அதாவது 0.92. மொத்தக் கருவிக்கு வேண்டிய 0.90ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பாதி வல்லுநர் நிராகரித்த நான்கு வினாக்கள் உள்ளே இருக்கின்றன. சராசரியை மட்டும் எழுதாதீர்கள். வினா வாரியான பட்டியலை இணைப்பில் முழுமையாகப் போடுங்கள்.

அறிகுறி: வல்லுநர்களின் கருத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன

ஒருவர் நீக்கச் சொன்ன வினாவை மற்றவர் விரிக்கச் சொல்கிறார். பெரும்பாலும் இது கருத்து வேற்றுமை அல்ல, வேறு வேறு துறை. பண்புசார் முறை தெரிந்தவர் வினாவின் வடிவத்தைப் பார்க்கிறார், மொழி வல்லுநர் சொல்லைப் பார்க்கிறார், குரு செமர்லாங் (சிறந்த ஆசிரியர் என்ற தகுதி பெற்றவர்) ஒருவர் வகுப்பறையைப் பார்க்கிறார். மூவருக்கும் ஒரே தாளைக் கொடுத்து ஒரே கணக்கில் சேர்த்தால் மோதத்தான் செய்யும். மூன்று தாள் தயாரியுங்கள். பொருத்தக் குறியீட்டில் துறை வல்லுநரை மட்டும் எண்ணுங்கள். மொழி, முறை வல்லுநர் சொன்னவற்றை எண்ணாக்காமல் திருத்தப் பட்டியலாக வையுங்கள்.

அறிகுறி: குழு ஏற்றது, ஆனால் ஆசிரியர்கள் இரண்டு வரியில் பதில் சொல்லி நிறுத்துகிறார்கள்

இந்நாட்டுத் தமிழ் ஆய்வுகளில் மிகுதியாகக் கண்டுகொள்ளாமல் விடப்படும் கோளாறு இது என்பது எங்கள் உறுதியான கருத்து. வல்லுநர் படித்தது ஆங்கில அல்லது மலாய்ப் பதிப்பு. ஆசிரியர் கேட்டது தமிழ்ப் பதிப்பு. அப்படியானால் நீங்கள் காட்டும் குறியீடு ஆசிரியர் கேட்காத ஒரு கருவிக்கு உரியது. மதிப்பீட்டுக்குப் போகும் பதிப்பும் களத்துக்குப் போகும் பதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தமிழ் தெரியாத வல்லுநர் ஒருவர் தவிர்க்க முடியாதவர் என்றால் அவருக்கு மூலமும், மற்றவர்களுக்குத் தமிழும் தந்து, யார் எதைப் பார்த்தார் என்று பதிவு செய்யுங்கள்.

மொழிபெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்குத் திருப்பி ஒப்பிடும் பின்மொழிபெயர்ப்பு செய்தாயிற்றே என்பார்கள். அது எல்லாப் பிழையையும் பிடிக்காது. ‘உங்கள் மாணவர்கள் வீட்டில் படிக்கிறார்களா?’ என்ற வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் ‘படி’ என்பதை வாசிப்பு என்றே கொண்டு திருப்புவார்; மூலத்தோடு பொருந்திவிடும். ஆனால் ஆசிரியர் காதில் அது பாடம் படிப்பது, தேர்வுக்குப் படிப்பது. ‘ஆமாம், வீட்டுப்பாடமெல்லாம் செய்வாங்க’ என்று பதில் வரும். கதைப்புத்தகம் வாசிப்பதா என்று தெரிய வேண்டுமென்றால் அப்படியே கேட்க வேண்டும். ‘கருத்துணர்தல்’ என்ற சொல்லும் அப்படித்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அது தேர்வுத் தாளில் பத்தியும் கேள்வியுமாக வரும் ஒரு பகுதி. புரிந்துகொள்ளும் திறனைப் பற்றிக் கேட்பதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவர் புள்ளி வாங்கும் உத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

எதிர்மறை வினாவைத் தமிழில் அறவே தவிருங்கள். ‘மெதுவாக வாசிக்கும் மாணவரைக் கையாள்வதில் உங்களுக்குச் சிரமம் இருப்பதில்லையா?’ என்றால் ‘ஆமாம், இல்லை’ என்றும் பதில் வரும், ‘இல்லை, இல்லை’ என்றும் வரும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ஒலிப்பதிவை எழுத்தாக்கிய எழுத்துப்பெயர்ப்பில் இது, பத்திகளுக்குக் கருப்பொருள் குறியீடு இடுபவரைக் குழப்பும்.

இன்னொன்று, எழுத்துநடைக்கும் பேச்சுநடைக்கும் உள்ள இடைவெளி. ‘வாசிப்புத் திறனை மேம்படுத்த நீவிர் கையாளும் அணுகுமுறைகளை விவரிக்கவும்’ என்று தாளில் உள்ளபடி வாசித்தால் ஆசிரியர் பள்ளிச் சோதனைக்கு அதிகாரி வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, பாடத்திட்ட மொழியில் இரண்டு வரி சொல்லி முடித்துவிடுவார். வல்லுநர் மௌனமாகப் படித்ததால் இது அவருக்குத் தெரிந்திருக்காது. வினாவைப் பேச்சுநடையில், நீங்கள் கேட்கப்போகும் சொற்களில் எழுதி, ஒலிப்பதிவாகவும் குழுவுக்கு அனுப்புங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு படி மிச்சம். குழு சொல்வது உள்ளடக்கம் பொருந்துகிறதா என்று மட்டும்தான். பதில் சொல்பவர் வினாவை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதை அவரிடமேதான் கேட்க முடியும். மாதிரியில் சேராத 3 முதல் 5 ஆசிரியர்களிடம் வினாவைக் கேட்டு, ‘இந்தக் கேள்வியில நான் என்ன கேட்கிறேன்னு உங்க சொல்லுல சொல்லுங்க, சார்’ என்று திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். இருவர் தவறாகச் சொன்னால் வினாவை மாற்றி, வேறு 3 பேரிடம் மீண்டும் பாருங்கள். பள்ளியில் ஆய்வு செய்யக் கல்வியமைச்சின் இராஸ் (eRAS) என்ற இணைய விண்ணப்ப முறை வழி அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு ஆய்வுக்கருவியையும் இணைப்பதால், குழு மதிப்பீட்டை விண்ணப்பத்துக்கு முன்பே முடிப்பதுதான் முறை.

அறிகுறி: குறியீடு இட்டவர்கள் 92 விழுக்காடு ஒத்துப்போனார்கள், காப்பா 0.29

இங்கே குறியீடு என்பது முன்பு பார்த்த எண் அல்ல, நேர்காணல் பத்திக்கு இடும் கருப்பொருள் பெயர்; காப்பா என்பதும் முன்பு பார்த்த திருத்திய காப்பா அல்ல, இருவரின் ஒப்புதலிலிருந்து தற்செயலைக் கழிக்கும் கோஹனின் காப்பா. இருவர் 100 பத்திகளைப் பார்த்து ‘மாணவர் கேள்வி கேட்டல்’ என்ற குறியீட்டை இட்டார்கள். 2 பத்தியில் இருவரும் ‘உண்டு’, 90இல் இருவரும் ‘இல்லை’. மீதி 8இல் ஆளுக்கு 4 பத்தியில் ஒருவர் மட்டும் ‘உண்டு’. ஒப்புதல் 0.92. ஆனால் இருவரும் 94 தடவை ‘இல்லை’ என்றவர்கள் என்பதால் தற்செயல் ஒப்புதலே 0.887. காப்பா 0.29.

இங்கே ‘காப்பாவின் முரண்’ (ஒப்புதல் மிகுந்தும் காப்பா தாழ்வது) என்று ஒரு வரி எழுதி, குவெட்டின் ஏசி1 என்ற வேறோர் ஒப்புதல் குணகத்துக்கு மாறுவது எளிது. அதே தரவில் அது 0.91 தரும். 0.29ஐ 0.91 ஆக்க ஒரு சொடுக்குப் போதும் என்பதே எச்சரிக்கை மணியாக ஒலிக்க வேண்டும். தரவைத் திரும்பப் பாருங்கள்: யாராவது ஒருவர் ‘உண்டு’ என்ற பத்திகள் 10, இருவரும் ஒத்தது 2. அந்தக் குறியீட்டின் வரையறை தெளிவாக இல்லை என்பதே இதன் பொருள். காப்பா உண்மையைத்தான் சொல்கிறது.

திருத்தும் வழி இது. அந்த 8 பத்திகளையும் இருவரும் சேர்ந்து படித்து, வரையறையில் எது சேரும், எது சேராது என்று ஒவ்வோர் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். பிறகு இதுவரை பார்க்காத பத்திகளில், தனித்தனியே மீண்டும் இடுங்கள். அதே 100இல் மீண்டும் போட்டால் அது நினைவின் அளவு. பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முன்பே பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் ஒரு வாக்கியத்துக்கும் மற்றவர் ஒரு பக்கத்துக்கும் குறியீடு இட்டிருப்பார். கிரிப்பெண்டார்ஃப் ஆல்பா என்ற இன்னோர் ஒப்புதல் அளவையைப் பயன்படுத்தினால் 0.800க்கு மேல் நம்பலாம், 0.667 முதல் அதுவரை தற்காலிக முடிவுக்கு மட்டும்.

குரோன்பாக் ஆல்பா இந்த இடத்தில் எதற்கும் உதவாது. அது ஒரே பண்பை அளக்கும் பல கூற்றுகளுக்குப் பலர் சொன்ன பதில்கள் எவ்வளவு ஒன்றோடொன்று இயைகின்றன என்பதைப் பார்ப்பது. நேர்காணல் வினாநிரலுக்கு ஆல்பா கேட்கப்பட்டால், ஏன் பொருந்தாது என்று விளக்கி எழுதுங்கள்.

அறிகுறி: டெல்ஃபை இரண்டாம் சுற்றில் ஒருமித்த கருத்து திடீரென உயர்ந்துவிட்டது

டெல்ஃபை என்பது வல்லுநர்களிடம் பல சுற்றாகக் கருத்துக் கேட்டு ஒருமித்த முடிவைத் தேடும் முறை. ராண்ட் நிறுவனத்தில் 1950களில் உருவான அம்முறையின் உயிர் நான்கில் இருக்கிறது: பெயர் மறைப்பு, பல சுற்று, கட்டுப்படுத்திய பின்னூட்டம், குழு விடையை எண்ணாகத் தருதல். உயர்வு உண்மையா என்று அறிய, முதல் சுற்றை இரண்டாம் சுற்றிலும் வந்தவர்களை மட்டும் வைத்து மீண்டும் கணக்கிடுங்கள். முதல் சுற்றில் 12 பேரில் 9 பேர் ஏற்றார்கள், 75 விழுக்காடு. இரண்டாம் சுற்றில் 8 பேர் வந்தார்கள், 8 பேரும் ஏற்றார்கள், 100 விழுக்காடு. போன 4 பேரில் 3 பேர் மறுத்தவர்கள் என்றால் யாரும் மனம் மாறவில்லை. மறுத்தவர்கள் வெளியேறினார்கள், அவ்வளவுதான்.

பெயர் மறைப்பு உடையும் இடம் இங்கே பெரும்பாலும் புலன (வாட்ஸ்அப்) குழு. ‘எல்லாருக்கும் ஒரே தடவையில் நினைவூட்டலாம்’ என்று குழு தொடங்கினால் யார் யார் வல்லுநர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூத்தவர் ஒருவர் அதில் ஒரு வரி போட்டால் மற்றவர் விடை அதன் பக்கம் சாயும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். சுற்றுக்கு இரண்டு வாரம், 7ஆம் நாளும் 12ஆம் நாளும் நினைவூட்டல். தைப்பூச வாரத்திலோ தீபாவளிக்கு முந்திய வாரத்திலோ சுற்றைத் திறக்காதீர்கள். பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் போகிறவர்களில் உங்கள் வல்லுநரும் இருப்பார்.

அறிகுறி: தெளிவிலா டெல்ஃபையில் எல்லா வினாவும் தேறிவிட்டன

வல்லுநரின் ஒவ்வொரு விடையையும் ஓர் எண்ணாக வைக்காமல் மூன்று எண்களாக மாற்றிக் கணக்கிடும் டெல்ஃபை வகை இது (Fuzzy Delphi). மலேசியக் கல்வியியல் ஆய்வேடுகளில் இம்முறை மிகப் பரவலாக இருக்கிறது. மூன்று நிபந்தனை: இடைவெளி மதிப்பு (ஒருவர் விடைக்கும் குழுச் சராசரிக்கும் உள்ள தூரம்) 0.2 அல்லது குறைவு. வல்லுநர் ஒப்புதல் (அந்த இடைவெளிக்குள் இருப்பவர்களின் பங்கு) 75 விழுக்காடு அல்லது மேல். தெளிவாக்கிய மதிப்பு 0.5 அல்லது மேல். 7 புள்ளி அளவுகோலில் நடுப்புள்ளி 4க்கு உரிய எண்கள் 0.3, 0.5, 0.7; 5க்கு 0.5, 0.7, 0.9; 7க்கு 0.9, 1, 1. இப்போது 10 வல்லுநரும் ஒரு வினாவுக்கு ‘சொல்ல முடியவில்லை’ என்ற பொருளில் 4 போட்டால் என்ன ஆகும்? இடைவெளி 0. ஒப்புதல் 100 விழுக்காடு. தெளிவாக்கிய மதிப்பு மூன்றின் சராசரி, 0.5. மூன்று நிபந்தனையும் நிறைவேறிவிட்டன! யாரும் ஏற்காத வினா ஏற்கப்பட்டதாக ஆய்வேட்டில் நிற்கும்.

காரணம், முதல் இரண்டு நிபந்தனையும் வல்லுநர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு அருகில் இருக்கிறார்கள் என்பதை அளக்கின்றன. எங்கே இருக்கிறார்கள் என்பதை அல்ல. அதைச் சொல்வது மூன்றாவது மட்டும், அதன் எல்லையோ நடுப்புள்ளியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ‘0.5க்கு மேல்’ என்று மாற்றினால் இந்த ஒரு வழு மறையும். ஆனால் ஒருவர் மட்டும் 5 போட்டாலே மீண்டும் தேறிவிடும். ஆகவே 5, 6, 7 போட்டவர்கள் எத்தனை பேர் என்ற நேரடி எண்ணிக்கையையும் பக்கத்தில் போடுங்கள். 8 பேர் 7, இருவர் 5 என்றால் சராசரி 0.82, 0.94, 0.98, 7 போட்டவரின் இடைவெளி 0.06, 5 போட்டவரின் இடைவெளி 0.24, சராசரி இடைவெளி 0.09, தெளிவாக்கிய மதிப்பு 0.91. இதுபோன்ற வினாதான் உண்மையில் தேறிய வினா.

அறிகுறி: ‘பண்புசார் ஆய்வுக்கு இந்த எண்ணெல்லாம் எதற்கு?’ என்று தேர்வாளர் கேட்கிறார்

நியாயமான கேள்வி. வல்லுநர் குழுவின் எண் கருவியைப் பற்றியது. கண்டுபிடிப்பின் நம்பகத்தைப் பற்றியது அல்ல. அதற்கு லிங்கன், கூபா இருவரும் 1985இல் வைத்த நான்கு அளவைகள் இருக்கின்றன: நம்பத்தகுநிலை, பிற சூழலுக்குப் பொருந்துநிலை, சார்ந்திருக்கத்தகுநிலை, உறுதிப்படுத்தத்தகுநிலை. நேர்காணல் கொடுத்தவரிடமே எழுத்துப்பெயர்ப்பையும் விளக்கத்தையும் காட்டிச் சரிபார்ப்பது முதலாவதைச் சேரும். அதை வல்லுநர் குழு ஈடுசெய்யாது. ஆய்வேட்டில் இரண்டையும் இரண்டு தலைப்பின் கீழ் எழுதுங்கள்.

தேர்வாளர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் தடம், அதாவது ஒவ்வொரு முடிவும் எப்படி வந்தது என்பதற்கான பதிவு. கையில் இருக்க வேண்டியவை இவை: வல்லுநரைத் தேர்ந்த வரையறையும், அழைத்தவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்ற கணக்கும், பெயர் நீக்கி எண்ணிட்ட மூலத் தாள்கள், ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்றது, ஏற்காதது, ஏன் என்ற மூன்று கட்டப் பட்டியல், தாள் அனுப்புவதற்கு முன் எழுதிய எல்லை மதிப்புகள். வினாநிரலின் ஒவ்வொரு பதிப்புக்கும் எண்ணும் தேதியும் இடுங்கள், அதே எண்ணைக் குழுவுக்கு அனுப்பிய தாளின் அடியிலும் நேர்காணல் ஒலிப்பதிவின் கோப்புப் பெயரிலும் சேருங்கள். கோப்புக்கு வெறுமனே ‘இறுதி’, ‘இறுதி 2’ என்று பெயரிட்டிருந்தால், வல்லுநர்கள் பார்த்தது எது, ஆசிரியர்கள் கேட்டது எது என்று ஓராண்டு கழித்து உங்களாலேயே சொல்ல முடியாது.